ஒப்படைத்த உரிமம்

விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அவருக்கு ஆகாசம் என்று பெயர். வைத்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். இவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் கூரைக்கு மேலே சிறிய விமானம் ஒன்று போனது. அங்கே அது ஈ பறக்கிற மாதிரி. யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இவர் மட்டும் கையில் பெட்டியோடு நின்று, தகரத்தை அண்ணாந்து பார்த்து, "ரெண்டு இன்ஜினும் ஒரே சுருதியில இல்லையே" என்றார்.

"அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பைலட்."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கியே வந்துவிட்டார். இவரை மேலும் கீழும் பார்த்தார். கிடங்கில் கொடுத்த ஆரஞ்சு நிற மேற்சட்டை, முழங்காலில் தூசி, கையில் யாரோ யாருக்கோ வாங்கிய செருப்புப் பெட்டி.

"பைலட்டா? அப்புறம் இங்க ஏண்ணே தரையிறங்கினீங்க? பெட்ரோல் தீந்துபோச்சா?"

கன்வேயர் பக்கம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து ஆகாசம்தான். "ஆகாசம் அண்ணே, கொஞ்சம் கீழ இறங்கி வாங்க, மூணாம் பெல்ட்ல பெட்டி தேங்குது" என்பார்கள். உணவு இடைவேளைக்கு மணி அடித்தால், "பயணிகள் பெல்ட்டைக் கழட்டலாம்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். கேலிதான். ஆனால் அதில் நஞ்சு இல்லை என்பது அவருக்குத் தெரியும். நாளெல்லாம் தன்னை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தக் கிடங்கில் மட்டும்தான் என்பதும் தெரியும்.

அவர் சொன்னது பொய்யில்லை. வேறொரு நாட்டில் பன்னிரண்டு ஆண்டு விமானம் ஓட்டியவர். இரண்டு காற்றாடி வைத்த சிறிய விமானங்கள். பாதி ஆட்கள், பாதி சரக்கு. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வலது பக்க இருக்கை. விமானத்தில் இடது பக்கம் கேப்டன் உட்காருவார், வலது பக்கம் துணை விமானி. இடது பக்கம் காலியாக வேண்டுமென்றால் யாராவது ஒரு கேப்டன் ஓய்வுபெற வேண்டும். அந்தக் கம்பெனியின் கேப்டன்களோ ஆளுக்கு ஆள் கருங்கல் மாதிரி இருந்தார்கள். தும்மல்கூட வராது. "அவங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க" என்று மனைவி சொல்வாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். அவருக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்தபோது அது விளையாட்டாகப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்த நாட்டிலிருந்து ஒரு சரக்கு விமானக் கம்பெனி ஆள் கேட்டது. அதன் தலைமை விமானி ஒரு பெண்மணி. திரையில் பார்த்துப் பேசினார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேச்சு.

"உங்க அனுபவம் போதும். ஆனா எங்க நாட்டு லைசென்ஸ் வேணும். அதைக் கையில வச்சுக்கிட்டு வாங்க, அடுத்த கேப்டன் பேட்ச்ல உங்களுக்கு ஒரு இடம் வைக்கிறேன்."

கேப்டன். அந்தச் சொல்லை அவர் பல நாள் கன்னத்தில் ஒதுக்கிய மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

விமானி உரிமம் என்பது அதைக் கொடுத்த நாட்டுக்குத்தான் சொந்தம். ஒரு நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் இன்னொரு நாட்டு ஆணையம் கொடுத்த அட்டையை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளாது. மருத்துவப் பரிசோதனை, சட்டத் தேர்வு எல்லாம் மறுபடியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், 'இந்த ஆள் எங்கள் விமானி, இவர் உரிமம் நடப்பில் இருக்கிறது, இவர்மேல் புகார் இல்லை' என்று பழைய ஆணையம் புதிய ஆணையத்துக்கு நேரடியாக எழுத வேண்டும். அது வந்தால்தான் உரிமம் இடம் மாறும். ஆகாசம் முன்னால் வந்து காரியத்தை முடிப்பது, மனைவியும் மகளும் பின்னால் வருவது என்று பேச்சு. மனைவி ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிறவளுக்குத் தன் புருஷன் குரலில் ஒரு நடுக்கம் தெரியாமல் போகுமா? ஒவ்வொரு வாரமும் போனை வைக்கும் முன் அதையே சொல்வாள்:

"ஆகலைன்னா கிளம்பி வந்துடுங்க. இங்க உங்க வலது சீட் எங்கயும் ஓடிப்போயிடாது."

"ஆகும், ஆகும்" என்பார்.

அவர் இருந்தது ஒரு சலவைக் கடைக்கு மேலே உள்ள அறை. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது தரை இளஞ்சூடாக அதிரும். வெறுங்காலோடு நின்றால் இன்ஜின் ஓடுகிற விமானத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். கடை மூடும் நாளில் அந்த அதிர்வும் இருக்காது. ஒரே ஜன்னல்; திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு பழைய கறை. ஒரு விடுமுறை நாளில் மாலைவரை படுத்துக் கிடந்துவிட்டு, ரொட்டி வாங்கப் போய்க் கடைக்காரரிடம் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விமானத்தில் வேலையே பேச்சுதான். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் ஒரு பொத்தானைக்கூடத் தொடக் கூடாது. பன்னிரண்டு ஆண்டு அப்படி ஒரு தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர், இப்போது ஒரு ரொட்டிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

மருத்துவர் கண், காது, இதயம் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார். "நான் மட்டும்தான்" என்றதும் தட்டச்சு செய்வதை ஒரு கணம் நிறுத்தி, பிறகு மேலே தொடர்ந்தார். சட்டத் தேர்வில் சுற்றிலும் மீசை முளைக்காத முகங்கள். கண்காணிப்பாளர் இவரை யாருடைய அப்பாவோ என்று நினைத்து, "வெளிய வெயிட் பண்ணுங்க சார்" என்றார். அதையும் தேறினார். மிச்சம் பழைய ஆணையத்தின் கடிதம் ஒன்றுதான். அது வரும்வரை சும்மா இருக்க முடியாமல்தான் கிடங்கு வேலை.

கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அங்கே எல்லாவற்றையும் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். எதையும் பாக்கி வைக்கிற ஆள் இல்லை அவர். கம்பெனி கொடுத்த மழைக்கோட்டை மடித்து ஒப்படைத்தார். ஹெட்செட்டைத் துடைத்து ஒப்படைத்தார். நாட்டை விட்டுக் கிளம்பும் முன் பழைய ஆணையத்து அலுவலகத்துக்குப் போய் உரிமத்தையும் நீட்டினார். அந்தப் பிரிவு எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு அவசரம்? அங்க முடிஞ்சதும் தபால்ல அனுப்புங்களேன்."

"இல்லங்க. போறப்ப இங்கத்தது இங்க இருக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

எழுத்தர் அட்டையில் துளை போட்டு, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார். "உங்களை மாதிரி ஆளுங்க குறைச்சல் சார்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஆகாசம் நெஞ்சு நிமிர்ந்து படியிறங்கினார்.

ஒருநாள் காலையில், இந்த நாட்டு ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. கிடங்கில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியும். வாரம் தவறாமல் வந்து கேட்டுவிட்டுப் போகிறவரல்லவா?

"அவங்ககிட்டேர்ந்து பதில் வந்துடுச்சு சார்" என்றார். அவர் முகம் மலரவில்லை. "உங்க லைசென்ஸை ரத்து பண்ணி ஃபைலை மூடிட்டாங்களாம். மூடின ஃபைலுக்கு அவங்க சான்று குடுக்குறது இல்லையாம்."

"நான்தாங்க ஒப்படைச்சேன். இங்க மாத்துறதுக்காகத்தான் ஒப்படைச்சேன்."

"நாங்க இங்க குடுத்ததுக்கு அப்புறம்தானே சார் அதை ஒப்படைக்கணும்?" அந்த அம்மா குரலை உயர்த்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மெதுவாகத்தான் சொன்னார். "எல்லாரும் பழசைத் தர மாட்டேன்னு இங்க சண்டை போடுவாங்க. கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டு வந்த ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"இப்ப நான் எந்த நாட்டு பைலட்?"

அந்த அம்மா திரையைப் பார்த்தார்.

வழி இரண்டு என்றார். ஒன்று, அங்கேயே திரும்பிப் போய், ஏதாவது ஒரு கம்பெனி பொறுப்பேற்று விமானம் கொடுக்க, ஓட்டிக் காட்டி உரிமத்தை உயிர்ப்பிப்பது. இரண்டு, இங்கே எழுதிய தேர்வையும் மருத்துவச் சான்றையும் வைத்துக்கொண்டு, விமானப் பயிற்சி தரும் பறக்கும் சங்கத்தில் மாணவனாகச் சேர்ந்து அடியிலிருந்து ஏறுவது.

அலுவலக வாசலிலேயே நின்று பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். அவர் இடத்துக்கு ஆள் போட்டாயிற்றாம். கையில் உரிமம் இல்லாத ஆளிடம் விமானம் கொடுக்க முதலாளி சம்மதிக்க மாட்டாராம். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்றார்கள். அடுத்து சரக்குக் கம்பெனித் தலைமை விமானி. முழுக்கக் கேட்டார். "பேட்ச் சீக்கிரம் ஆரம்பிக்குது. உங்க இடத்தைக் காலியா வச்சுக்க முடியாது. வருத்தமா இருக்கு" என்றார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலத்தான் குரல் இருந்தது. ஆனால் வைத்துவிட்டார்.

மதியம் கிடங்குக்கு வந்தவர் நேராகப் போய்ப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். தேநீர் இடைவேளையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒரு கோப்பையை வைத்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு ஆகாசத்துல ஒரே மேகமா இருக்கு?"

ஆகாசம் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"விமானத்துல ரெண்டு பேர் இருப்போம். ரெண்டு பேர் முன்னாடியும் கன்ட்ரோல் இருக்கும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பிடிக்கணும். கை மாத்துறதுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் 'கன்ட்ரோல் உங்ககிட்ட'ன்னு சொல்லணும். அவர் 'என்கிட்ட'ன்னு சொல்லணும். அதைக் கேட்டு நான் மறுபடி 'உங்ககிட்ட'ன்னு சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் கையை எடுக்கணும்."

"சரி."

"பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதுல தவறுனது இல்ல."

"சரிண்ணே. இப்ப என்ன ஆச்சு?"

"இந்த லைசென்ஸ் விஷயத்துல, அந்தப் பக்கம் ஆள் பிடிச்சாச்சான்னு கேக்காமலே கையை எடுத்துட்டேன்."

ஓட்டுநர் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை இறக்கினார். "அப்போ இப்ப யாரு ஓட்டுறா?"

"யாரும் ஓட்டல."

மணி அடித்தது. பெல்ட்டைக் கழட்டலாம், மாட்டலாம் என்று எந்தக் குரலும் வரவில்லை.

அந்த வாரம் போன் வந்தபோது மகள்தான் முதலில் பேசினாள். பள்ளியில் பல் விழுந்த கதை. பிறகு மனைவி. கடைசியில் வழக்கமான வார்த்தை வந்தது: "ஆகலைன்னா கிளம்பி வந்துடுங்க, உங்க சீட்..."

"அந்த சீட் இல்ல."

"என்னது?"

சொன்னார். துளை போட்ட அட்டை, ரசீது, எழுத்தர் சொன்னது, கவுன்ட்டர் அம்மா சொன்னது, எல்லாம் வரிசையாக. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"இத்தனை நாள் நான் வந்துடுங்க, வந்துடுங்கன்னு சொன்னப்பல்லாம் உங்களுக்கு இது தெரியும்" என்றாள்.

"ஒப்படைச்சது தெரியும். இப்படி ஆகும்னு தெரியாது."

"ஒப்படைச்சதை ஏன் சொல்லல?"

சொன்னால் அவள் பயப்படுவாள் என்று நினைத்தார் என்பது முழு உண்மை இல்லை. அவள் வாரா வாரம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் அவரால் அந்த அறையில் இருந்திருக்க முடியாது. அதுதான் உண்மை. அதைப் போனில் எப்படிச் சொல்வது?

"ரசீதாவது பத்திரமா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அதை வச்சு ஏரோப்ளேன் ஓட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் போன் வரவில்லை. இவராகக் கூப்பிட்டார், மகள் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்றாள். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் அடுத்த வாரமும் அம்மா குளித்துக்கொண்டுதான் இருந்தாள். சலவைக் கடைக்காரர் கடையை மூடிக்கொண்டு எங்கோ உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். தரை குளிர்ந்து கிடந்தது. இந்த ஊரில் தான் திடீரென்று காணாமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்று ஆகாசம் யோசித்துப் பார்த்தார். மூணாம் பெல்ட்டுக்குத்தான் என்று தோன்றியது.

மூன்றாம் வாரம் அவளே கூப்பிட்டாள். முகமன் எதுவும் இல்லை.

"அந்த ரெண்டாவது வழின்னு சொன்னீங்களே, மாணவனா சேர்றது. அதுல எப்பவாவது பைலட் ஆக முடியுமா முடியாதா?"

"முடியும். பழைய அனுபவத்தைப் பின்னாடி சேத்துப்பாங்களாம். ஆனா அதுக்குள்ள..."

"ஆனாவெல்லாம் வேணாம். இங்க வந்து அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சோபாவுல உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியாது. அங்கயே ஆரம்பிங்க. நாங்க வர்றதைப் பத்தி இப்ப பேச வேணாம். இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எவன்கிட்டயும் எதையும் குடுக்காதீங்க. தர்மப் பிரபு மாதிரி."

"சரி."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியும்."

பறக்கும் சங்கம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. இருவர் மட்டும் அமரும் பொம்மை மாதிரி விமானங்கள். பயிற்சியாளர் சூயிங்கம் மெல்லும் நடுத்தர வயதுப் பெண்மணி. இவர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் உங்களுக்குக் கத்துக்குடுக்கணுமா, நீங்க எனக்குக் கத்துக்குடுக்கணுமா?" என்றார். முதல் நாளே விடை தெரிந்துவிட்டது. மாணவன் உட்கார வேண்டியது இடது பக்கம். எத்தனையோ ஆண்டாக வலது பக்கத்தில் பழகிய கைகள் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ள மறுத்தன. தரையிறங்கும்போது இன்னும் மோசம். பழைய கம்பெனி விமானத்தில் விமானி உட்கார்ந்திருப்பது தரையிலிருந்து இதைவிட வெகு உயரத்தில். அந்தக் கணக்கிலேயே இவர் விமான மூக்கைச் சீக்கிரமே தூக்கிவிட, குட்டி விமானம் அந்தரத்தில் தயங்கி, தொப்பென்று விழுந்து, குதித்தது.

"சார்," என்றார் பயிற்சியாளர், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "தரை இன்னும் கீழ இருக்கு."

கிடங்கில் ஓட்டுநர் தினம் விசாரித்தார். "இன்னிக்காவது ஒழுங்கா இறக்குனீங்களா அண்ணே, இல்ல இடுப்பு போச்சா?" கொஞ்சம் கொஞ்சமாகக் கைகள் பழகின. தரையும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று காற்று அடங்கியிருந்தது. ஓடுபாதைக்கு ஓரமாக விமானத்தை நிறுத்தச் சொன்ன பயிற்சியாளர், இன்ஜின் ஓட ஓடவே கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இருக்கையின் பெல்ட்டை யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இழுத்து மாட்டினார். அவிழ்ந்து கிடந்தால் கன்ட்ரோலில் சிக்கும்.

"ஒரு ரவுண்டு. போயிட்டு வாங்க."

"இன்னிக்கேவா?"

"உங்க பக்கத்துல உக்காந்து எனக்கு போரடிக்குது சார்."

கதவு மூடிக்கொண்டது. முதல் முறை மாணவனாக இருந்த காலத்துக்குப் பிறகு அவர் தனியாகப் பறந்ததே இல்லை. கட்டுப்பாட்டு டவரிலிருந்து குரல் வந்தது. விமானத்தில் எத்தனை பேர்?

"ஒருத்தர்" என்றார்.

ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தி, விசையை முழுக்க முன்னே தள்ளினார். பக்கத்தில் ஓர் ஆளின் கனம் இல்லாததால், அவர் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன. விமானம் அவரைக் கேட்காமலே ஏறுவதுபோல ஏறியது. கூரைகள், சாலை, வரிசையாக நின்ற வண்டிகள் எல்லாம் சட்டென்று சிறுத்தன. எத்தனை லேசாக ஏறுகிறது என்று சொல்ல வாயெடுத்து, வலது பக்கம் திரும்பினார். மாட்டிய பெல்ட்டும், அதற்கு அப்பால் கண்ணாடியும், கண்ணாடிக்கு வெளியே வெறும் வானமும்தான் இருந்தன.

உயரம் கூடிக்கொண்டே போனது. விமானத்தின் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, இடப்பக்கம் திருப்பினார்.